ரேஷன் கோதுமை, அப்பத்தாவின் திருகை, வீட்டு ரொட்டி... மாவு அரைப்பது யார்?

"யாருக்குய்யா காய்ச்சல்?"

வீட்டிலேயே பிரெட் செய்யப் போகிறேன் என்று சொன்னதும் அப்பத்தா கேட்ட முதல் கேள்வி இதுதான்.

அவர் கேட்டதில் தப்பே இல்லை. அருப்புக்கோட்டைக்கும் திருச்சுழிக்கும் நடுவில் இருக்கிற எங்கள் ஊரில், அப்பத்தாவின் காலத்தில் ரொட்டி வீட்டுக்குள் வந்தால் யாரோ படுத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். காய்ச்சல்காரருக்குப் பாலில் தோய்த்துக் கொடுக்க இரண்டு துண்டு. மீதியை எப்போது தருவார்கள் என்று வீட்டுப் பிள்ளைகள் கதவோரம் நிற்கும். நாம் பிரெட் என்கிறோம். அப்பத்தாவுக்கு அது இன்றைக்கும் ரொட்டிதான், அதுவும் நோயாளிச் சாப்பாடுதான்.

"யாருக்கும் காய்ச்சல் இல்ல அப்பத்தா. நம்ம கோதுமைய நாமளே அரைச்சு, நாமளே சுட்டுத் திங்கலாம்னு பாக்குறேன்."

"அரைக்கிறது யாரு?"

இந்த இரண்டாவது கேள்வியை அன்றைக்கு நான் காதில் வாங்கவில்லை. மூன்று வாரம் கழித்துத்தான் உறைத்தது. அந்தக் கதைதான் இந்த வாரம்.

போன மாதம் முழுக்க டெஸ்க்கில் எனக்கு வந்து விழுந்த வீடியோக்களில் பாதி, வீட்டில் மாவு அரைத்து பிரெட் சுடுகிறவர்களுடையவை. மரச்சட்டம் போட்ட குட்டி மெஷின், ஜன்னல் வெளிச்சம், பொன்னிறத்தில் ஒரு ரொட்டி. தலைப்பு போட்டுப் போட்டு எனக்கே ஆசை வந்துவிட்டது. ஊருக்குப் போனால் வீட்டில் ஒரு டிரம் நிறைய ரேஷன் கோதுமை வேறு. நம்ம ஊர் ரேஷன் கடையில் அரிசியில் ஒரு பகுதிக்குப் பதிலாகக் கோதுமை வாங்கிக்கொள்ளலாம் அல்லவா? அம்மா அப்படி வாங்கி வைத்தது. சர்க்கரை இருக்கிற அப்பாவுக்கு ராத்திரி சப்பாத்தி.

யோசித்துப் பார்த்தால், 'வீட்டுக் கோதுமை அரைப்பது' என்பது தமிழ்நாட்டில் புதுசே இல்லை. கல் பொறுக்கி, கழுவி, மொட்டை மாடியில் காயவைத்து, தூக்குவாளியில் போட்டு மில்லுக்கு எடுத்துப் போகிற வேலையைப் பல வீடுகள் இன்றும் செய்கின்றன. திருநெல்வேலி அல்வாவுக்குக் கோதுமையை ஊறவைத்து, அரைத்து, பால் எடுப்பதும் அரைப்புதானே? ரொட்டியாகச் சுடுவது மட்டும்தான் நமக்குப் புதுசு.

வானம் பார்த்த பூமியில் கோதுமை எப்படி?

எங்கள் பக்கம் கோதுமை விளையாது. கோதுமைக்குக் குளிர் வேண்டும். இங்கே கரிசல், வெயில், ஐப்பசி கார்த்திகையில் பெய்தால் பெய்த மழை. அதை நம்பி விதைப்பது கம்பு, சோளம், குதிரைவாலி, உளுந்து, மல்லி, பருத்தி. திருச்சுழியைத் தொட்டுக்கொண்டு ஓடும் குண்டாற்றில் தண்ணீர் வருவதே ஒரு செய்தி. இந்த மானாவாரி விவசாயத்துக்காகவே அருப்புக்கோட்டை கோவிலாங்குளத்தில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் மண்டல ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது.

அப்பத்தா புதுப்பெண்ணாக வந்த காலம், இந்தியாவே தானியத்துக்குக் கையேந்திய காலம். அமெரிக்காவின் பி.எல். 480 திட்டத்தில் கப்பல் கப்பலாகக் கோதுமை வந்தது. 1966-ல் மட்டும் நாடு இறக்குமதி செய்த உணவு தானியம் சுமார் ஒரு கோடி டன். அதில் ஒரு கைப்பிடி எங்கள் ஊருக்கும் வந்திருக்கிறது. "அதை என்ன செய்யனு யாருக்குத் தெரியும்? கம்பு மாதிரி உரல்ல போட்டுக் குத்திச் சோறாக்கிப் பாத்தோம். வேகவே மாட்டேன்னுருச்சு" என்று சிரித்தார்.

முதல் ரொட்டி: மிளகாய் வாசம்

முதல் சனிக்கிழமை, ஒரு கிலோ கோதுமையைச் சுத்தம் செய்து மில்லுக்கு எடுத்துப் போனேன். எனக்கு முன்னால் ஒரு அக்கா சாம்பார் பொடி அரைத்துக்கொண்டு போயிருந்தார். இதில் என்ன இருக்கிறது என்று நானும் கொட்டிவிட்டேன். வீட்டுக்கு வந்து ரொட்டி சுட்டால் லேசான மிளகாய்க் காரம். தம்பி அதற்கு 'சாம்பார் பிரெட்' என்று பேர் வைத்து குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிட்டான்.

இன்னொரு தப்பும் செய்தேன். மில்லில் இருந்து மாவு கொதிக்கக் கொதிக்க வரும். அதை அப்படியே டப்பாவில் போட்டு மூடினேன். மறுநாள் மூடியின் உள்பக்கம் வியர்த்து, மாவு ஓரத்தில் கட்டி தட்டியிருந்தது. சூடான மாவைச் செய்தித்தாளிலோ துணியிலோ பரப்பி, நன்றாக ஆறவிட்டுத்தான் மூட வேண்டும். இது அம்மாவுக்குத் தெரியும். நான்தான் கேட்கவில்லை.

இரண்டாவது வாரம் அப்பத்தாவின் திருகை வெளியே வந்தது. மாட்டுக் கொட்டத்தில் ஒரு மூலையில், கோழி ஏறி நிற்கும் திண்டாக இருந்தது அது. கழுவிக் காயவைத்துக் கோதுமையைப் போட்டுச் சுற்றினால், மணி உடையாமல் அப்படியே வழுக்கி வெளியே வருகிறது. கல் மழுங்கிப்போயிருந்தது. முன்பெல்லாம் 'அம்மி கொத்தலையோ... ஆட்டுக்கல் கொத்தலையோ...' என்று தெருவில் குரல் வரும். இப்போது கொத்துகிறவரைத் தேடிப் பிடிக்க இரண்டு நாள் ஆனது. கொத்திய பிறகு இரண்டு கைப்பிடி அரிசியைப் போட்டு அரைத்துக் கொட்டிவிடச் சொன்னார் அப்பத்தா. அப்போதுதான் கல்துகள் அந்த மாவோடு போகும். இல்லையென்றால் ரொட்டியில் நறநறவென்று கடிபடும்.

பிறகு உட்கார்ந்தேன். கால் கிலோ கோதுமை. முதல் சுற்றில் ரவையாக வந்தது. சலித்து, மேலே நின்றதை மறுபடி போட்டேன். மூன்றாவது தடவைதான் மாவு என்று சொல்லும்படி வந்தது. முக்கால் மணி நேரம். தோள்பட்டை மறுநாள் வரை வலித்தது. ஜிம்முக்குப் போகிறவன் என்று சொல்லிக்கொள்ள வெட்கமாக இருந்தது.

அப்பத்தா திண்ணையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். "கால் கிலோவுக்கே இந்தப் பாடா? எட்டுப் பேருக்குக் கம்பு இடிச்சு, சலிச்சு, பொழுது விடியுமுன்ன காடு போய்ச் சேரணும். கோழி கூப்பிடுறதுக்கு முன்னாடி எந்திரிச்சாத்தான் ஆகும்."

கடை மாவில் இல்லாதது என்ன?

இவ்வளவு பாடுபட்டு அரைப்பதில் ஏதாவது பலன் உண்டா? உண்டு. அதைத் தெரிந்துகொள்ள ஒரு கோதுமை மணியைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

மணியில் மூன்று பகுதி. வெளியே தவிடு, எடையில் சுமார் 14 சதவிகிதம். உள்ளே வெள்ளையான மாவுப் பகுதி, 80 சதவிகிதத்துக்கு மேல். ஓர் ஓரத்தில் முளை, இரண்டு மூன்று சதவிகிதம்தான். நார்ச்சத்து தவிட்டில். பி வைட்டமின்கள், இரும்பு போன்றவற்றில் பெரும்பங்கு தவிட்டிலும் முளையிலும். எண்ணெய்ச்சத்து முக்கியமாக முளையில்.

பிரச்னை அந்த எண்ணெயில்தான். மணி முழுசாக இருக்கும்வரை அது பத்திரமாக உள்ளே இருக்கும். அரைத்ததும் காற்று படும். மணிக்குள்ளேயே இருக்கிற நொதிகளும் வேலையைத் தொடங்கிவிடும். நாளாக நாளாக மாவு காறல் வாசம் அடிக்கும், நாக்கில் கசக்கும். 19-ம் நூற்றாண்டின் பிற்பாதியில் ஐரோப்பாவில் உருளை ஆலைகள் வந்தன. தவிட்டையும் முளையையும் கச்சிதமாகப் பிரித்துத் தள்ளிவிட்டு, வெள்ளைப் பகுதியை மட்டும் அரைக்க அவற்றால் முடிந்தது. அந்த மாவு மாதக்கணக்கில் கெடாது, கப்பலேறிப் போகலாம். நம்ம மைதா அந்த வழியில் வந்ததுதான். கெடாமல் இருப்பதற்குக் கொடுத்த விலை, சத்து.

இதை எங்கள் ஊர்க்காரர்களுக்குக் கம்பை வைத்துச் சொன்னால் சட்டென்று புரியும். கம்பில் கொழுப்பு சுமார் 5 சதவிகிதம், கோதுமையைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். அதனால்தான் கம்பு மாவு சில நாளிலேயே கசந்துவிடுகிறது. 'கம்பு கசக்குது, பிள்ளைங்க திங்க மாட்டேங்குது' என்று சொல்கிற வீடுகளில் பெரும்பாலும் குற்றவாளி கம்பு இல்லை. எப்போதோ அரைத்துப் பாக்கெட்டில் போட்ட மாவு. அன்றன்றைக்கு இடித்துக் கூழ் காய்ச்சியவர்களுக்கு அந்தக் கசப்பே தெரியாது.

கடை பிரெட் பற்றியும் ஒரு வார்த்தை. 2016-ல் டெல்லியில் உள்ள அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் அந்த நகரத்தில் வாங்கிய 38 பிரெட், பன், பீட்சா வகைகளைச் சோதித்தது. அவற்றில் 84 சதவிகிதத்தில் பொட்டாசியம் புரோமேட்டோ அயோடேட்டோ இருந்ததாக அறிவித்தது. அடுத்த மாதமே புரோமேட்டுக்கு இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் தடை விதித்தது. எனவே அந்தப் பழைய செய்தியை வைத்து இன்றைக்குப் பயப்படத் தேவையில்லை. ஆனால் பாக்கெட்டின் பின்பக்கம் படிக்கிற பழக்கம் நல்லது. 'பிரவுன் பிரெட்' என்று முன்னால் போட்டிருக்கும். பின்னால் சேர்மானப் பட்டியலில் முதல் பெயர் மைதா என்று இருந்தால், அந்தப் பழுப்பு நிறம் தவிட்டிலிருந்து மட்டும் வந்ததாக இருக்காது.

ஏழு பவுண்டு திருகை

அரைத்து ரொட்டி சுட்டவர்கள் யார் யார் என்று தேடியபோது, நமக்கு ரொம்பத் தெரிந்த ஒருவர் அகப்பட்டார். காந்தி!

தென்னாப்பிரிக்காவின் ஜோகனஸ்பர்க்கில் வக்கீலாக இருந்தபோது, கடை ரொட்டியை நிறுத்திவிட்டு வீட்டிலேயே முழுக்கோதுமை ரொட்டி சுடத் தொடங்கினார் காந்தி. ஜெர்மனியின் இயற்கை வைத்தியர் லூயி குனே சொன்ன முறை, ஈஸ்ட் போடாத ரொட்டி. அதற்குக் கடை மாவு சரிப்படவில்லை. ஏழு பவுண்டு கொடுத்துக் கையால் சுற்றும் இரும்புத் திருகை ஒன்றை வாங்கினார். ஒருவரால் சுற்ற முடியாத கனம், இரண்டு பேர் சேர்ந்தால் சுலபம். சுற்றியது யார் தெரியுமா? காந்தியும், அவரோடு தங்கியிருந்த நண்பர் போலக்கும், பிள்ளைகளும். கஸ்தூர்பா எப்போதாவது கை கொடுப்பார். அது அவர் அடுப்படி வேலை தொடங்கும் நேரம் என்பதையும் 'சத்திய சோதனை'யில் காந்தியே எழுதியிருக்கிறார்.

1910-ல் நண்பர் காலன்பாக் கொடுத்த 1,100 ஏக்கர் நிலத்தில் டால்ஸ்டாய் பண்ணை தொடங்கியபோதும் இந்தப் பழக்கம் தொடர்ந்தது. அங்கே இருந்தவர்களில் தமிழர்கள் பலர். காலை 6 மணிக்கு ரொட்டியும், கோதுமையை வறுத்துப் பொடித்துப் போட்ட 'காபி'யும். 11 மணிக்குச் சோறு, பருப்பு, காய்கறி. கோதுமை அரைக்க அங்கேயும் ஓர் இரும்புத் திருகை இருந்தது. நம்ம ஆட்கள் வீட்டு மாவு ரொட்டி சாப்பிட்டு நூறு வருஷத்துக்கு மேல் ஆகிறது என்று அப்பத்தாவிடம் சொன்னேன்.

"அந்த மனுசன் தானே அரைச்சாரா?" என்றார்.

"ஆமா."

"அப்பச் சரி."

மூன்றாவது வாரம்

அந்த 'அப்பச் சரி' எங்கே போய் இடித்தது என்று சொல்கிறேன்.

மூன்றாவது வார ரொட்டி அருமையாக வந்தது. போட்டோ எடுத்து, 'நானே அரைத்து நானே சுட்டது' என்று போட்டேன். அலுவலக நண்பர்கள், கல்லூரி நண்பர்கள் எல்லாரும் பாராட்டினார்கள். ஆனால் அந்த வாரம் நடந்தது வேறு. வெள்ளிக்கிழமை ராத்திரி நான் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். 'கோதுமையக் கழுவிக் காயவெச்சிரும்மா' என்று போனில் சொல்லியிருந்தேன். அம்மா கழுவிக் காயவைத்து, மழைத் தூறலுக்கு இரண்டு தடவை மாடியேறி அள்ளி வந்து மறுபடி விரித்திருந்தார். சனிக்கிழமை நான் எழுந்தது 9 மணிக்கு. வெயிலுக்கு முன்னால் ஆகட்டும் என்று அம்மா உட்கார்ந்து திருகையில் அரைத்தும் முடித்துவிட்டார். நான் செய்தது, பிசைந்தது, சுட்டது, போட்டோ எடுத்தது. பாத்திரம் கழுவியதும் அம்மாதான்.

ராத்திரி அம்மா கையை உதறி உதறி நீவிக்கொண்டிருந்தார். என்னம்மா என்று கேட்டேன். "ஒண்ணுமில்ல, பழக்கம் விட்டுப்போச்சு" என்றார். அப்பத்தா அப்போதும் திண்ணையில்தான் இருந்தார். "அன்னைக்கே கேட்டேன்ல, அரைக்கிறது யாருனு?" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

எனக்கு அந்தப் போஸ்ட்டை அப்படியே விட்டுவைக்க மனசு வரவில்லை. 'அரைத்தது அம்மா' என்று திருத்தினேன். ஆனால் திருத்த வேண்டியது போஸ்ட்டை மட்டும் இல்லையே.

நம்ம வீடுகளில் அரைப்பு வேலை எந்திரத்துக்குப் போனது சாதாரண விஷயமா? 1955-ல் கோவையில் சபாபதி என்பவர் மின்சார வெட் கிரைண்டரை உருவாக்கினார். அதற்கு முன்னால் இட்லி மாவு என்றால் ஆட்டுக்கல்லின் முன் ஒரு பெண்ணின் ஒன்றரை மணி நேரம். 2011 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு விலையில்லா மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி கொடுக்கத் தொடங்கியது. கேலி செய்தவர்கள் உண்டு. எங்கள் தெருவில் யாரும் கேலி செய்யவில்லை. அம்மியிலும் ஆட்டுக்கல்லிலும் இருந்து எழுந்தவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும்.

உலக்கை போடும்போது பெண்கள் பாடுவதற்கு வள்ளைப்பாட்டு என்று இலக்கியத்திலேயே பெயர் இருக்கிறது. பாட்டு அழகுதான். ஆனால் விடியுமுன் எழுந்து, எட்டுப் பேருக்கு இடித்தவரின் தோளைக் கேட்டால் அது வேறு கதை சொல்லும். 'அந்தக் காலத்துல எல்லாம் கையாலதான், அதான் ஆரோக்கியம்' என்று நாம் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். யார் கையால் என்று சொல்வதில்லை.

அதனால் புது மாவின் ருசியையும் சத்தையும் விட வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. ஆசைப்பட்டவர் அரைக்க வேண்டும். அவ்வளவுதான்.

எங்கள் வீட்டு ஏற்பாடு

இப்போது ஞாயிற்றுக்கிழமை காலை திருகை எனக்கும் தம்பிக்கும். எதிரெதிரே உட்கார்ந்து, ஒரே பிடியை இரண்டு பேரும் பிடித்துச் சுற்றினால் கால் கிலோ 25 நிமிடத்தில் முடிகிறது. கோதுமை கழுவுவது, காயவைப்பது அப்பா. நான் ஊருக்கு வராத வாரம் ரொட்டி கிடையாது. சப்பாத்திக்கான பெரிய அளவு மாவு எப்போதும் போல மில்லில்தான், அதுவும் அப்பாவின் வண்டியில்.

திருகை இல்லாதவர்கள் கவலைப்பட வேண்டாம். மில்லில் அரைக்கலாம். காரப்பொடி அரைக்காத மெஷினாகப் பாருங்கள், ஒரு தடவைக்கு இரண்டு வாரத்துக்கு மேல் அரைக்காதீர்கள். மிக்ஸியிலும் முடியும். கால் கிலோவை மூன்று நான்கு தடவையாகப் பிரித்து, விட்டு விட்டு ஓட்டி, சலித்துக்கொள்ளுங்கள். மிக்ஸி சூடானால் நிறுத்திவிடுங்கள். வாரா வாரம் செய்கிறவர்களுக்கு வீட்டு உபயோக மாவு மெஷின்கள் கடையில் கிடைக்கின்றன. முதல் மாதமே அதில் காசைப் போடாமல், நான்கு ரொட்டி சுட்டுப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

கால் கிலோ மாவில் ஒரு ரொட்டி

கோதுமையில் கல், பதர் பொறுக்கிக் கழுவி, வெயிலில் முறுகக் காயவையுங்கள். ஒரு மணியைப் பல்லில் கடித்தால் நறுக்கென்று உடைய வேண்டும். ஈரம் இருந்தால் திருகையிலும் ஒட்டும், மாவும் சீக்கிரம் கெடும். சப்பாத்திக்குப் போடும் சாதாரண கோதுமையே போதும். சம்பா கோதுமையில் ருசி உண்டு, ஆனால் ரொட்டி அவ்வளவாக உப்பாது.

தேவை: மாவு 250 கிராம், தண்ணீர் 180 மில்லி, உப்பு முக்கால் டீஸ்பூன், இன்ஸ்டன்ட் ஈஸ்ட் முக்கால் டீஸ்பூன், பொடித்த வெல்லம் ஒரு டீஸ்பூன், நல்லெண்ணெய் ஒரு டேபிள்ஸ்பூன்.

முதலில் மாவையும் தண்ணீரையும் மட்டும் கலந்து, மூடி, அரை மணி நேரம் விடுங்கள். வீட்டு மாவில் தவிடு அதிகம், அது தண்ணீரை மெதுவாகத்தான் குடிக்கும். இந்த அரை மணியைத் தவிர்த்தால் ரொட்டி வறண்டு உதிரும். முதல் வாரம் எனக்கு அதுதான் நடந்தது.

பிறகு ஈஸ்ட், உப்பு, வெல்லம், எண்ணெய் சேர்த்துப் பத்து நிமிடம் பிசையுங்கள். சப்பாத்தி மாவைவிடத் தளர்வாக, கையில் லேசாக ஒட்டுகிற பதம். ஒட்டுகிறதே என்று மாவைத் தூவிக்கொண்டே போகாதீர்கள். எண்ணெய் தொட்டுக்கொள்ளுங்கள்.

மூடி வையுங்கள். புத்தகங்களில் இரண்டு மணி நேரம் என்று போட்டிருக்கலாம். நம்ம வெயிலில் 45 நிமிடம், ஒரு மணி நேரத்திலேயே பொங்கிவிடும். கடிகாரத்தைப் பார்க்காமல் மாவைப் பாருங்கள். ஒன்றரை மடங்கு, ஒன்றே முக்கால் மடங்கு ஆனதும் போதும். அதற்கு மேல் விட்டால் புளித்து, சுடும்போது நடுவில் அமுங்கிவிடும். மெதுவாக அழுத்திக் காற்றை எடுத்து, உருட்டி, எண்ணெய் தடவிய பாத்திரத்தில் வைத்து, இன்னொரு அரை மணி நேரம் விடுங்கள்.

ஓவன் இருந்தால் 200 டிகிரியில் 35 நிமிடம். எங்கள் வீட்டில் ஓவன் இல்லை. பழைய, அடிகனமான பெரிய பாத்திரத்தில் ஒரு கிலோ கல்லுப்பைப் பரப்பி, ஒரு ஸ்டாண்டை வைத்து, மூடி போட்டுப் பத்து நிமிடம் சூடாக்கினோம். பிறகு ரொட்டிப் பாத்திரத்தை உள்ளே இறக்கி, மூடி, சிறு தீயைவிடக் கொஞ்சம் கூடுதலாக வைத்து 45 நிமிடம். மேல்பக்கம் அவ்வளவாகச் சிவக்காது, ஆனால் நன்றாக வேகும். குக்கரை இதற்குப் பயன்படுத்துகிறவர்கள் கேஸ்கெட்டையும் வெயிட்டையும் கட்டாயம் எடுத்துவிட வேண்டும்.

வெந்ததும் அடிப்பக்கம் விரலால் தட்டினால் காலிப் பானையைத் தட்டுகிற மாதிரி சத்தம் வரும். உடனே வெட்டாதீர்கள். முழுசாக ஆறட்டும். சூட்டில் வெட்டினால் நடுவில் பிசுபிசுவென்று இருக்கும்.

கரிசலும் கொஞ்சம் சேரட்டும்

நான்காவது வாரம் கோதுமையில் 50 கிராமைக் குறைத்து, அன்றைக்கே அரைத்த கம்பு மாவைச் சேர்த்தோம். கம்பிலும் குதிரைவாலியிலும் ரொட்டியைத் தாங்கிப் பிடிக்கிற பசைப்புரதம், அதாவது குளூட்டன், கிடையாது. அதனால் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் போனால் ரொட்டி செங்கல் ஆகிவிடும். ஒரு பங்கு என்றால் அழகாக நிற்கிறது. வறுத்த கடலை மாதிரி ஒரு வாசம் வேறு. 2023-ஐ ஐ.நா. சபை சிறுதானிய ஆண்டு என்று அறிவித்தது. அறிவிப்பு வந்து போய்விட்டது. எங்கள் பக்கத்துக் காடுகளில் கம்பும் குதிரைவாலியும் விதைக்கிறவர்களுக்கு, வாங்கிச் சாப்பிடுகிற வீடுகள்தான் ஆதாரம்.

கவனிக்க வேண்டிய இரண்டு விஷயங்கள். வீட்டில் அரைத்தது என்பதால் சர்க்கரை உள்ளவர்கள் இஷ்டத்துக்குச் சாப்பிடலாம் என்று அர்த்தமில்லை. ரத்தச் சர்க்கரையை எவ்வளவு வேகமாக ஏற்றும் என்று காட்டும் கிளைசெமிக் குறியீட்டில் வெள்ளை பிரெட் சுமார் 75. நைசாக அரைத்த முழுக்கோதுமை பிரெட் 74. நார்ச்சத்தும் மற்ற சத்தும் கூடுதல், அவ்வளவுதான். அப்பாவுக்கு இரண்டு துண்டு, கூடவே சுண்டல், அதுவும் ராத்திரிச் சப்பாத்திக்குப் பதிலாக. கோதுமை ஒத்துக்கொள்ளாத சீலியாக் நோய் உள்ளவர்களுக்கு இந்த ரொட்டியும் ஆகாது.

இன்னொன்று, இதில் பதப்படுத்தும் பொருள் எதுவும் இல்லை. நம்ம வெயிலில் ஒன்றரை நாள் தாங்கும். ஃபிரிட்ஜில் வைத்தால் கெடாது, ஆனால் இறுகிவிடும். தோசைக்கல்லில் லேசாக நெய் விட்டுச் சூடாக்கினால் மறுபடி உயிர் வரும்.

போன ஞாயிற்றுக்கிழமை ரொட்டி வெட்டியபோது அப்பத்தாவுக்கு ஓரத்துண்டு கொடுத்தேன். டீயில் தோய்த்து, மெதுவாகச் சாப்பிட்டார். நன்றாக இருக்கிறது என்றெல்லாம் சொல்லவில்லை. தம்பியின் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். திருகைப் பிடி பட்ட இடத்தில் உள்ளங்கை சிவந்து, சின்னதாக ஒரு கொப்புளம்.

"தேங்காண்ண தடவு. நாலு வாரம் சுத்துனா காய்ச்சுப்போகும்" என்றார்.

பிறகு அம்மாவைக் கூப்பிட்டார். "ஏ தாயி, நீயும் வந்து உக்காந்து ஒரு துண்டு தின்னு. இன்னைக்கு அரைச்சது ஆம்பளைக."